கியூட்டெக்ஸ் கோடு வரைக்கும்

என் ஆசை மச்சாள் தர்சிக்கு,

உன் அந்தியேட்டி முடிந்துவிட்டது. வந்தவர்கள் இருந்து சாப்பிட்டார்கள். பாயசம் திறம் என்றார்கள். ஆளுக்கொரு கல்வெட்டும் ஆளுக்கொரு எவர்சில்வர் கிண்ணமும் வாங்கிக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள். கிண்ணத்தின் அடியில் உன் பெயர் வெட்டியிருக்கிறது. இனி யாரோ ஒருவர் வீட்டில் உன் பெயருக்கு மேல் சம்பல் இருக்கும்.

முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்துக் கொடுக்கும் நினைவு மலருக்கு ஏன் கல்வெட்டு என்று பெயர் என்று ஒருமுறை என்னைக் கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. இப்போது உனக்கே ஒரு கல்வெட்டு வந்துவிட்டது, வழுவழுப்பான தாளில், கலரில். அட்டையில் இருக்கும் பெட்டை நீ இல்லை. ஸ்ரூடியோக்காரர் உனக்குச் சேலை கட்டிவிட்டு, முகத்தை வெளுப்பாக்கி, பின்னால் ஒரு நீர்வீழ்ச்சியையும் விழ வைத்திருக்கிறார். எங்கள் கரம்பொனில் நீர்வீழ்ச்சி! தண்ணீர்ப் பவுசர் வராவிட்டால் வாய் கொப்பளிக்கவும் வழியில்லாத ஊரில்!

உள்ளே நீ குலவிளக்கு, குத்துவிளக்கு, பெற்றோரின் கண்மணி. நண்டு என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. நான் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். கல்வெட்டுத் தொகுக்கிற மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி மடித்துவிட்டுச் சொன்னார்:

“நல்லாத்தான் எழுதியிருக்கிறீர் பிள்ளை. ஆனா உந்த நண்டுக் கதையைக் கல்வெட்டில போடேலாது.”

“ஏன் சேர்?”

“சனம் சிரிக்கும். பேந்து, உந்த நண்டாலதானே அவளுக்குக் காய்ச்சல் வந்தது எண்டு ஊர் கதைக்குது. நாங்களே அதை அச்சடிச்சுக் குடுக்கிறதோ?”

அதுதான் மச்சாள், உனக்குச் சொல்ல வேண்டிய முதல் செய்தி. உன் நண்டுத் தொட்டியால்தான் நீ செத்தாய் என்று ஊர் சொல்கிறது. உன் அம்மாவும் அதை நம்பினார். என் மாமி, உன்னைப் பெற்ற மனுசி, நம்பினார். அதனால்தான் கல்வெட்டில் இடம் கிடைக்காததை இங்கே எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையும் எழுதப் போகிறேன். மற்றவர்களும் வாசிக்க வேண்டும்.

உன் அப்பா, என் மாமா, கட்டாருக்குப் போகுமுன் தங்கமீன் வளர்த்த கண்ணாடித் தொட்டி உங்கள் விறாந்தையில் பழைய பேப்பர் போட்டு வைக்கும் பெட்டியாகக் கிடந்தது. நீ அதைக் கழுவினாய். பாலத்தடியில், கண்டல் மரங்களுக்குப் பக்கத்துச் சேற்றில், ஒற்றைக் கை பெருத்த சின்ன நண்டுகள் இருக்கின்றனவே, அவற்றைப் பிடித்து வந்து விட்டோம். பிடில் நண்டு என்று புத்தகத்தில் இருந்தது. பெரிய கொடுக்கைப் பிடில் மாதிரியும் சின்னக் கொடுக்கை வில்லு மாதிரியும் வைத்துக்கொண்டு வாசிக்குமாம். உனக்கு அப்படித் தெரியவில்லை.

“பிடிலுமில்லை கிடிலுமில்லை. உது காலமைக் கூட்டத்தில கையைத் தூக்கித் தூக்கிக் கதைக்கிற எங்கட அதிபர்” என்றாய். அன்றிலிருந்து பெரிய ஆண் நண்டு அதிபர் ஆனார். பெரிய கொடுக்கு இல்லாமல், இரண்டு சின்னக் கொடுக்காலும் மண்ணை அள்ளி அள்ளி விடாமல் தின்றுகொண்டிருந்த பெண் நண்டு ரீச்சர். மற்றவை மாணவர்கள்.

அதிபரும் ரீச்சரும் தவிர முதல் வகுப்பு முழுவதும் செத்துப்போனது உனக்கு நினைவிருக்கும். அது எங்களைப் போலத் தீவில் பிறந்தவர்கள் மட்டும் விடுகிற பிழை. கடல் நண்டுக்குக் கடல் தண்ணீர் என்று நினைத்தோம். தொட்டியில் தண்ணீர் வற்ற வற்ற, கடலில் அள்ளி வந்து ஊற்றினோம். கடல் படலைக்கு வெளியே நிற்கிறது, அதற்கென்ன பஞ்சம்? ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. ஒருநாள் நீ விரலை விட்டு நக்கிப் பார்த்தாய்.

“எடி அபி, இது கடலில்லையடி. கருவாட்டுச் சாடி.”

“அதே தண்ணிதானே ஊத்துறம்?”

“தண்ணிதான் பறக்குது. உப்புப் பறக்கேல்லை. நாங்கள் உப்புக்கு மேல உப்பு ஊத்திக்கொண்டு நிக்கிறம்.”

பிறகுதான் மாமியின் மேசை லாச்சியிலிருந்து நகத்துக்குப் பூசுகிற சிவப்புக் கியூட்டெக்ஸை எடுத்து வந்து கண்ணாடியில் ஒரு கோடு கீறினாய். பாதி மண்மேடு, பாதி கடல் தண்ணீர், தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் கோடு. கோட்டுக்குக் கீழே இறங்கினால் ஊற்ற வேண்டியது நல்ல தண்ணீர். நாங்கள் குடிக்கிற தண்ணீர்.

அதுதான் சண்டைக்குக் காரணம். உங்கள் கிணறும் எங்கள் கிணறும் உவர். பவுசர் வரும் நாளில் வாளி, குடம், கான் எல்லாவற்றோடும் ஒழுங்கையில் நின்று பிடித்த தண்ணீரில் நீ நண்டுக்குப் பங்கு கேட்டாய்.

“உனக்கு விசரோடி?” என்றார் மாமி. “சோறாக்கத் தண்ணி இல்லை. நண்டுக்கு நல்ல தண்ணியோ?”

“நான் குடிக்கிறதில குடுக்கிறன் அம்மா.”

“அப்ப நீ காஞ்சு சா. நண்டு குளிக்கட்டும்.”

நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். மாமியும் அகப்பையால் உன் முதுகில் ஒன்று போட்டுவிட்டுச் சிரித்தார். எங்கள் வீடுகளில் தாய்மார் ஒரு நாளைக்கு எத்தனை தரம் பிள்ளைகளைச் சாகச் சொல்கிறார்கள்! யார் கணக்குப் பார்த்தது?

பவுசர் தண்ணீரில் குளோரின் மணக்கும். அது பறக்கும்வரை ஒருநாள் வாளியில் திறந்து வைக்க வேண்டும் என்று நான் வாசித்துச் சொன்னேன். திறந்த வாளியைக் கண்டதும் மாமிதான் முதலில் சத்தம் போட்டார். “நுளம்பு முட்டை போடுமடி, மூடு!” மூடினால் குளோரின் போகாது என்று நீ வாதாடினாய். மாமி எழும்பிப் போய், பழைய வலைத் திரைச்சீலையை வட்டமாக வெட்டி, விளிம்பில் இலாஸ்ரிக் வைத்துத் தையல் மெசினில் அடித்துக்கொண்டு வந்து வாளிக்குப் போட்டுவிட்டார். வாளிக்குத் தொப்பி. காற்றுப் போகும், நுளம்பு போகாது. வாசிக்கிறவர்கள் அந்தத் தொப்பியை மறக்கக்கூடாது. அதற்காகத்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

அதிபர் செத்த நாளையும் எழுத வேண்டும். காலையில் மண்மேட்டில் மல்லாந்து கிடந்தார். கால், கண், கொடுக்கு எல்லாம் அசையாமல். நீ அழுதாய். முருங்கையடியில் குழி தோண்டினோம். நீ அதிபர் மாதிரியே ஒரு பேச்சும் பேசினாய். “அன்பான மாணவச் செல்வங்களே, ஒழுக்கம் முக்கியம்.” அடுத்த நாள் பொந்துக்குள்ளிருந்து அதிபர் வெளியே வந்தார், மெத்தென்ற புது ஓட்டோடு, வெட்கப்பட்ட மாப்பிள்ளை மாதிரி. நாங்கள் புதைத்தது அவர் கழற்றிப்போட்ட சட்டை. கையில் எடுத்தபோதே பாரமில்லாமல் இருந்ததே, ஏன் யோசிக்கவில்லை என்று என்னைக் குட்டினாய்.

இனி நான் எழுத விரும்பாத இடம்.

உனக்குக் காய்ச்சல் வந்தது. பனடோல் போட்டாய். திரும்ப வந்தது. மருந்து எடுத்தார்கள். பிறகு காய்ச்சல் விட்டது. உடம்பு குளிர்ந்துவிட்டது என்று மாமி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். நீ எழும்பி வந்து தொட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்தாய். “கோட்டுக்குக் கீழ போட்டுது, ஒருத்தரும் பாக்கேல்லை என்ன?” என்று எனக்கு ஏசிவிட்டு நீயே தண்ணீர் ஊற்றினாய். அன்று பின்னேரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்தாய். யாழ்ப்பாணம் கொண்டுபோனார்கள். நீ வீட்டுக்கு நடந்து வரவில்லை.

காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான் டெங்கு ஆளைக் கவிழ்க்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். நுளம்பின் வாழ்க்கை வட்டத்தைக் கலர் பென்சிலால் கீறி நாங்கள் இரண்டு பேரும் முழுப் புள்ளி வாங்கினோம். முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறைவுடலி. அம்புக்குறியும் போட்டோம். காய்ச்சல் விட்டால்தான் கவனம் என்ற ஒரு வரியை ஏன் ஒருவரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை? மாமி தேங்காய் உடைத்தபோது யாராவது ஒருவர், ஒரே ஒருவர், “பொறு, இனித்தான் பார்க்க வேண்டும்” என்று சொல்லியிருக்கக்கூடாதா?

உன்னைத் தூக்கிய நேரம் கடல் வற்று. எனக்கு எப்படித் தெரியும் என்றால், தொட்டிக்குள் அதிபர் மண்மேட்டில் ஏறிக் கையாட்டிக்கொண்டிருந்தார். கடலைக் காணாமலே கடல் வற்றுவது அவற்றுக்குத் தெரிகிறது என்று நீ எத்தனை தரம் அதிசயப்பட்டாய். நாங்கள் பெண்கள், சுடலைக்குப் போக முடியாது. படலையோடு நின்றுவிட்டு விறாந்தைக்கு வந்தபோது அவர் இன்னும் ஆட்டிக்கொண்டே இருந்தார். யாரோ ஒரு அம்மா, “ஐயோ, வாயில்லாச் சீவனும் பிள்ளைக்குக் கைகாட்டுது” என்று ஒப்பாரியைத் தொடங்கினார். அது உனக்கு இல்லை, ரீச்சருக்கு என்று எனக்குத் தெரியும். விஞ்ஞானம் படித்தால் இதுதான் கஷ்டம். அந்தச் சின்ன ஆறுதலும் கிடைக்காது.

ஆன்மா சட்டை மாற்றுகிறது, அவ்வளவுதான் என்று செத்தவீட்டில் ஒரு பெரியவர் எனக்கு விளங்கப்படுத்தினார். நான் மனதுக்குள் கேட்டுக்கொண்டேன்: சட்டை மாற்றுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன் ஐயா. அதில் சட்டையும் இருக்கும், ஆளும் அதே தொட்டிக்குள் இருக்கும். இங்கே ஆள் எங்கே?

உன் செத்தவீட்டுக்குப் பிறகு சுகாதாரப் பரிசோதகர், ஊர் சொல்கிற பி.எச்.ஐ., புகையடிக்கிற ஆட்களோடு வந்தார். தேங்காய்ச் சிரட்டை, பூச்சாடி, கோழிக்குத் தண்ணீர் வைக்கும் சட்டி எல்லாம் பார்த்தார். வாளியின் வலைத் தொப்பியைக் கழற்றி ரோச் லைற் அடித்துப் பார்த்தார். “ஆர் இதைத் தைச்சது? நல்ல வேலை” என்று திரும்பப் போட்டார். பிறகு நண்டுத் தொட்டிக்கு முன்னால் குந்தினார். குந்தினவர் எழும்பவே இல்லை.

“தங்கச்சி, உவர் என்னைக் கூப்பிடுறாரோ?”

“இல்லை சேர். பொம்பிளை நண்டைக் கூப்பிடுறார்.”

சிரித்துவிட்டார். செத்தவீடு என்று நினைவு வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். மனுசனுக்கு நண்டு பிடித்துவிட்டது, வேறொன்றும் இல்லை. “இதுக்குள்ள ஒரு குடம்பியும் இல்லை” என்று எழும்பினவர் மதிலுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். “அந்த வீடு?”

அந்த வீடு உனக்குத் தெரியும். கனடாக்காரர் கட்டிக் குடிபூரலுக்கு வந்து, படம் எடுத்துவிட்டுப் பூட்டிய மாடிவீடு. அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளும் உனக்குத் தெரியும். பெயர் எழுதக்கூடாது என்று மாமி என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அதனால் சாவிக்காரர் என்று எழுதுகிறேன். எங்கள் ஒழுங்கைக்கு அது போதும்.

“அது பூட்டிக் கிடக்கு சேர். சாவி கனடாவில” என்றார், புகையடிப்பதைப் பார்க்க வந்து நின்ற சாவிக்காரர்.

“தண்ணி கிண்ணி நிக்குதோ?”

“சீச்சீ. நானெல்லோ பாக்கிறன். கண்ணாடி மாதிரி வச்சிருக்கிறன்.”

இடுப்பில் சாவிக்கொத்து கிலுங்கியது. பரிசோதகருக்கு இன்னும் பத்து வீடு இருந்தது. பிறகு வருகிறேன் என்று எழுதிக்கொண்டு போனார்.

அன்று பின்னேரமே சாவிக்காரர் சந்தியில் சொன்ன வசனம் இது: “பி.எச்.ஐ. வந்து வேற ஒண்டையும் பாக்கேல்லை. நண்டுத் தொட்டியைத்தான் கனநேரம் குந்தியிருந்து பாத்தவர்.” பார் மச்சாள், இதில் ஒரு பொய்யும் இல்லாத மாதிரி இருக்கிறது. கனநேரம் பார்த்தது உண்மைதானே? சந்தியிலிருந்து கோவிலுக்குப் போவதற்குள் அது “நண்டுத் தொட்டி முழுக்கப் புழுவாம்” ஆகிவிட்டது. மாமியிடம் வந்தபோது, “பிள்ளை தன்ரை கையாலயே யமனை வளத்திருக்கிறாள்” என்று ஆகியிருந்தது.

அதைக் கேட்டதும் மாமி தொட்டி இருக்கும் பக்கம் பார்ப்பதை விட்டார். அவ்வளவுதான்.

அடுத்த நாள் நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது உங்கள் விறாந்தை மண்ணெண்ணெய் மணத்தது. சாவிக்காரர் போத்திலோடு நின்றார். தொட்டியின் மேல் வானவில் மாதிரி எண்ணெய் மிதந்தது.

“என்ன செய்தனீங்கள்?” என்று கத்தினேன்.

“ஏன் பெட்டை கத்துறாய்? ஊருக்கு நல்லது செய்தனான். உன்ரை மாமியிட்டைக் கேட்டுத்தான் ஊத்தினது.”

நான் மாமியைப் பார்த்தேன். மாமி குசினிக் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “ஊத்தட்டும் பிள்ளை. என்னத்துக்கு இனி உது?”

கையை விட்டு மண்ணைத் தோண்டினேன். பொந்தை மண்ணால் அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தவை உயிரோடு இருந்தன. ரீச்சர் இருந்தாள், இன்னும் இரண்டு மாணவர்கள். வெளியே நின்றவர்கள் எல்லாம் கவிழ்ந்துவிட்டார்கள். அதிபர் தண்ணீரில் மல்லாந்து கிடந்தார். சட்டையாக இருக்கும் என்று நினைத்தேன் மச்சாள். சத்தியமாக, எடுக்கும்வரை அப்படித்தான் நினைத்தேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்.

பாரமாக இருந்தது.

இருந்ததைப் பேசினுக்குள் அள்ளிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஓடினேன். தொட்டியை அப்பா சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து தந்தார். சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கழுவி வெயிலில் வைத்தும் எண்ணெய் மணம் போகக் கனநாள் எடுத்தது. அதற்குள் அந்த இரண்டு மாணவர்களும் பேசினுக்குள் கவிழ்ந்துவிட்டார்கள். சிவப்புக் கோடு மட்டும் போகவில்லை. நான் அதன் மேல் தேய்க்கவும் இல்லை.

அந்தியேட்டிக்கு முந்தின கிழமை மழை பெய்தது. மழை விட்டதும், நீயும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சேறு அள்ளி வருகிற இரும்பு வாளியை மதிலடியில் கவிழ்த்து வைத்து ஏறி, கனடாக்காரர் வீட்டு வளவுக்குள் குதித்தேன். பாவாடை கிழிந்தது. உள்ளே போக வேண்டிய தேவையே இருக்கவில்லை. முற்றத்தில், குடிபூரலுக்குக் கட்டிய சீமெந்துக் குளம், நடுவில் கழுத்து உடைந்த சீமெந்து அன்னம். தண்ணீர் தேயிலைச் சாயம் மாதிரி. அதற்குள் நாங்கள் கலர் பென்சிலால் கீறிய படம் முழுவதும் உயிரோடு நெளிந்தது. குடம்பி, கூட்டுப்புழு, எல்லாம். அம்புக்குறி மட்டும் இல்லை. இருந்திருந்தால் அது உன் அறை யன்னலைக் காட்டியிருக்கும்.

எந்த நுளம்பு உன்னைக் கடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்திலும் கடித்திருக்கலாம், பஸ்ஸிலும் கடித்திருக்கலாம். எனக்குத் தெரியாததைத் தெரியும் என்று நான் எழுத மாட்டேன். உன் வாளியில் அது பிறக்கவில்லை, உன் தொட்டியில் பிறக்கவில்லை. இவ்வளவும் எனக்குத் தெரியும்.

ஒரு போத்திலில் அள்ளி மூடிக்கொண்டு மாமியிடம் போனேன். மற்றக் கையில் வலைத் தொப்பி. மாமி குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். போத்திலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

“எங்கால இது?”

“மதிலுக்கு அங்கால.”

போத்திலின் மூடியை இன்னும் இறுக்கினார். பிறகு கேட்டார்: “ஆருக்கும் காட்டினனியோ?”

“இல்லை. முதல் உங்களுக்குத்தான்.”

“காட்டாதை.”

“ஏன் மாமி?”

“கல்வெட்டு கனடாக்காரர்தான் அடிச்சுத் தருகினம். பந்தலும் கதிரையும் அவையின்ரை பொறுப்பு. நாளைக்கு இரவில எனக்கு ஒரு அந்தரம் எண்டா, படலையில நிண்டு கூப்பிட உந்தச் சாவி வச்சிருக்கிற மனிசனைத் தவிர ஆர் இருக்கினம்? உன்ரை மாமா கட்டாரில.”

“அப்ப தர்சி?”

“தர்சி போட்டாள்.”

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. தொப்பியை வெங்காயத்துக்கு மேல் போட்டேன். “இதைத் தைச்சது ஆர் மாமி? வாளி மூடிக் கிடந்தது உங்களுக்குத் தெரியும். உங்கட கையால மூடினது. தெரிஞ்சுகொண்டும் ஏன் அவையள் சொன்னதை நம்பினீங்கள்?”

மாமி இலாஸ்ரிக்கை இழுத்து இழுத்து விட்டார். பிறகு சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

“நான் அவளைக் காஞ்சு சா எண்டு சொன்னனான் பிள்ளை. நீயும் நிண்டனி. அவள் போன நாளிலயிருந்து அந்தச் சொல்லுத்தான் எனக்குக் காதுக்குள்ள கேக்குது. நண்டாலதான் எண்டு ஊர் சொல்லேக்க... என்ரை வாயால இல்லை எண்டு எனக்குக் கொஞ்சம் லேசா இருந்தது.”

தொப்பியை மாமியின் கையிலேயே விட்டேன். போத்திலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தியேட்டி நடந்தது. கனடாக்காரர் குடும்பத்துக்குக் கல்வெட்டின் கடைசிப் பக்கத்தில் பெரிய எழுத்தில் நன்றி. சாவிக்காரர்தான் பந்தியில் நின்று எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றினார். எனக்கும் ஊற்ற வந்தார். நான் இலையை மடித்துக்கொண்டு எழும்பினேன். மடித்த இலையைப் பார்த்துவிட்டு, “பெட்டைக்கு வாசிப்புக் கூடிப்போச்சு” என்று பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார்.

முந்தநாள் மாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். துடக்குக் கழிந்த பிறகு வெளியே வந்த முதல் நாள். கையில் ஒரு செம்பு, அதற்கு மேல் அந்த வலைத் தொப்பி. அம்மா தேத்தண்ணி போடப் போனார். மாமி நேரே தொட்டியடிக்கு வந்து நின்றார்.

“உவளோ மிஞ்சினது? உந்தச் சாப்பாட்டு ராமி?”

“ஓம் மாமி. ரீச்சர்.”

“பவுசர் வந்தது. ஒருநாள் வச்செடுத்த தண்ணி. மணம் இல்லை, பார்.” செம்பைச் சரித்தார். “கோடு வரைக்குமோ?”

“கோடு வரைக்கும்.”

உன் அம்மா, நண்டுக்கு நல்ல தண்ணீரோ என்று உன்னை அடித்த மனுசி, ஒரு சொட்டு வெளியே சிந்தாமல் கோடு வரைக்கும் ஊற்றினார். ரீச்சர் பொந்துக்குள் ஓடிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் எட்டிப் பார்த்தாள். மாமி சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வெறும் செம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

“அந்தப் போத்தில் இருக்கோ?”

“அதுக்குள்ள இருந்ததெல்லாம் செத்துப்போச்சு மாமி. நுளம்பாகி மூடிக்குள்ளயே செத்துப்போச்சு.”

“அப்ப திரும்ப ஏறி அள்ளு. நான் வாளியைப் பிடிக்கிறன். அள்ளி அந்தப் பரிசோதகர் மனிசனிட்டைக் குடு. எழுத வேண்டியதையும் எழுது. உவன்ரை பேரை மட்டும் போடாதை, சத்தியம் பண்ணு. நான் பக்கத்தில இருக்கிறவள்.”

சத்தியம் பண்ணினேன். நேற்று மாமி வாளியைப் பிடிக்க, நான் மதில் ஏறினேன். சாவிக்காரர் ஒழுங்கையில் நின்று பார்த்தார். மாமியைக் கண்டதும் ஒன்றும் கேட்கவில்லை. இன்று பரிசோதகர் வந்து கேற்றில் ஒரு அறிவித்தல் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். கேற் இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. அன்னம் இன்னும் குளத்தில் நிற்கிறது. அடுத்த மழைக்கு ஒட்டியது கரைந்துவிடும் என்று எனக்குத் தெரியும். இதுதான் மச்சாள், இப்போதைக்கு நாங்கள் வென்றது. இவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் மிஞ்சிய கல்வெட்டுகள் ஒரு கட்டு இருக்கிறது. இந்தக் கடிதத்தைப் போட்டோக் கொப்பி எடுத்து, அந்த நீர்வீழ்ச்சிப் படத்துக்குப் பின்னால் ஒவ்வொன்றாக வைக்கப் போகிறேன். மாமியும் இருந்து மடித்துத் தருவதாகச் சொன்னார். கனடாவுக்கு ஒன்று போகும்.

உனக்கு நான் தரும் வாக்கு இது. தண்ணீர் உன் கோட்டுக்குக் கீழே போகாது. மழை பெய்யும் ஒவ்வொரு முறையும் நான் மதிலில் ஏறுவேன், போத்திலோடு. அந்தக் குளம் காயும்வரை ஏறுவேன். பெட்டைக்கு வாசிப்புக் கூடிவிட்டது என்று சொல்லட்டும். இன்னும் கூடும்.

இப்போது கடல் வற்று. தொட்டியில் கையாட்ட ஆளில்லை. ரீச்சர் மட்டும் வெளியே வந்து மண்ணை உருட்டிக்கொண்டிருக்கிறாள்.

வாளியின் மற்றப் பக்கத்தைப் பிடிக்க ஆளில்லாத
உன் மாமன் மகள்,
உன்ரை மச்சாள்
அபிராமி
கரம்பொன்